ஆந்தைக்குன்றின் பல்லிகளும் நூறு சதவீத நிச்சயமும்

முதலில் உங்கள் கணினிகளுக்கு என் வணக்கம். இந்த நிறுவனத்தில் குளிர்சாதன வசதி அவற்றுக்குத்தான் முதலில் வந்தது; அவை சொல்வதைத்தான் எல்லோரும் மறுபேச்சில்லாமல் நம்புகிறார்கள். அடுத்தபடியாக, அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். "ஊக்கமளிக்கும் வகையில் இருந்தால் நலம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஓய்வு பெற்று, செஞ்சியில் ஒரு மாடி வீட்டில் மூட்டுவலித் தைலத்தோடு குடியிருக்கும் ஒருத்தியிடம் ஊக்கம் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பரவாயில்லை. ஊக்கம் கைவசம் இல்லை. ஒரு பல்லிக் கதை இருக்கிறது.

அதற்கு முன்பு நம் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்கே அது தெரியாது என்பது நீங்கள் எழுதும் அறிக்கைகளைப் படித்தால் தெரிகிறது.

என் சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கத்து வல்லம். அங்கே என் பெரியப்பா மகளுக்கும் எனக்கும் ஒரே மூக்கு. சப்பை மூக்கு, நுனி மட்டும் கொஞ்சம் தூக்கல். கூடப் பிறந்த தம்பிக்கோ கிளி மூக்கு. மூக்கை மட்டும் பார்த்து வம்சம் வரைகிற ஒருவர் ஊருக்கு வந்தால், பெரியப்பா மகளும் நானும் அக்கா தங்கை, தம்பி எங்கிருந்தோ வந்து சேர்ந்தவன் என்று எழுதிவிட்டுப் போவார். காதை மட்டும் பார்த்து வரைகிறவர் வேறு கதை எழுதுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மூக்குக்கு ஒரு வரலாறு, காதுக்கு ஒரு வரலாறு. எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் நடந்தவைதான். ஆனால் பெரியப்பாவும் எங்கள் நைனாவும் பாகம் பிரிவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தொடங்கியவை.

உயிரினங்களிலும் இதே கதை. ஒவ்வொரு மரபணுவும் தனக்கென்று ஒரு மரம் வரைகிறது. ஓர் இனம் இரண்டாகப் பிரிந்த பெரிய மரத்துக்குள் இந்தச் சின்ன மரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு அடங்கிக் கிடக்கின்றன. எவ்வளவு சண்டை இயல்பு, எவ்வளவு சண்டை சந்தேகத்துக்குரியது என்று கணக்குப் போடுவது நம் வேலை. அந்தக் கணக்குக்கு மாதிரி, இங்கிலீஷில் மாடல், என்று பெயர். ஒரே ஒரு மரபணுவை வைத்து இனத்தின் கதையைச் சொல்லக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அரிச்சுவடியை மறப்பதற்கு ஒருவருக்கு எவ்வளவு பெரிய பதவி தேவை என்பதுதான் இனி வரும் கதை.

அப்போது நம் நிறுவனத்தில் வேறோர் இயக்குநர் இருந்தார். இப்போதைய இயக்குநர் பதற வேண்டாம். அந்தக் காலத்தில் மலர்விழி என்று ஒரு பெண் திண்டிவனத்திலிருந்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். செஞ்சிப் பக்கத்துப் பாறைகளில் வாழும் ஒரு சின்னப் பல்லி அவளுடைய ஆய்வுப் பொருள். முறையாக அனுமதி வாங்கி, கோட்டை மலைச் சரிவில் கொஞ்சம் பல்லிகளைப் பிடித்து, வால் நுனியில் துளி எடுத்துக்கொண்டு விட்டுவிட்டாள். சீயமங்கலத்துப் பாறைகளிலும் அப்படியே செய்தாள். தாயிடமிருந்து மட்டும் குட்டிக்குப் போகிற ஒரு மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, கோட்டைப் பல்லிகள் ஒரு கிளை, சீயமங்கலத்துப் பல்லிகள் இன்னொரு கிளை. நடுவே பெரிய பிளவு.

இயக்குநர் அந்த மரத்தைப் பார்த்தார். "புது இனம்!" என்றார்.

அந்தப் பல்லிக்கு யார் பெயரை வைப்பது என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது. தன் பெயரை வைக்க வேண்டாம் என்று அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து சொன்னார். அதுவரை யாரும் அதை யோசித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு யோசிக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில், ஆய்வு முடியாமலே ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் "செஞ்சியில் புதிய பல்லி" என்று செய்தி வந்துவிட்டது. பத்திரிகைக்கு யார் சொன்னது என்று இயக்குநர் எங்களிடம் கோபமாகக் கேட்டார். அந்தச் செய்தியில் அவருடைய படம் மூன்று பத்தி அகலத்துக்கு இருந்தது.

ஆய்விதழ்க்காரர்கள் ஒரு மரம் போதாது என்றார்கள். எனவே இயக்குநர் என்னிடம் வந்தார். ஏராளமான மரபணுக்களை எடுத்து என் மாதிரிக்குள் போட்டு, இவை ஓர் இனமா, இரண்டு இனமா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். கேட்டேன். இரண்டு என்று பதில் வந்தது. நூறு சதவீத நிச்சயம்.

இயக்குநர் லட்டு வரவழைத்தார்.

பிள்ளைகளே, நூறு சதவீதம் என்று கணினி சொன்னால் லட்டை வாங்கிக் கொள்ளுங்கள், உடனே வாயில் போடாதீர்கள். என் மாதிரி அப்போது ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் நம்பியது: இரண்டு கூட்டம் பிரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அவற்றுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது என்பது. இன்னொன்று, அது தனக்குக் காட்டியதைத்தான் பார்க்கும். வல்லத்தில் கொஞ்சம் பேரையும் காஷ்மீரத்தில் கொஞ்சம் பேரையும் பிடித்துக் கொடுத்து, நடுவில் இருக்கும் அத்தனை கோடிப் பேரையும் மறைத்துவிட்டு, மனிதர்கள் ஓர் இனமா இரண்டா என்று கேட்டாலும் அது கூச்சமில்லாமல் இரண்டு என்றுதான் சொல்லும்.

மலர்விழியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோட்டைக்கும் சீயமங்கலத்துக்கும் நடுவுல எங்க பிடிச்ச?"

"நடுவுல பிடிக்கல மேடம். நடுவுல வயக்காடு, ரோடு, அங்கங்க மொட்டைப் பாறைங்க."

"அந்தப் பாறைங்கள்ல பல்லி இல்லையா?"

"இருக்கும் மேடம். சார்தான் வேணாம்னுட்டாரு. ரெண்டு எடம் போதும், ரிசல்ட் க்ளியரா வரும்னாரு."

வந்தது. ரொம்ப க்ளியராக.

அந்த வாரத்தில்தான் அப்பாண்டைராஜன் சென்னையில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மேல்சித்தாமூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சமணர். சொந்தமாக நிலம் வைத்து மல்லாட்டை பயிரிட்டு, வியாபாரமும் செய்கிறவர். மல்லாட்டை என்பது வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். என் வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் நாளிதழின் அந்தப் பக்கம், தோளில் ஒரு பை மல்லாட்டை. அவர் நிலத்தை ஒட்டி ஆந்தைக்குன்று என்று ஒரு பாறைக்குன்று இருக்கிறது. கோட்டைக்கும் சீயமங்கலத்துக்கும் நடுவில். அதை வெட்டிக் கல்லெடுக்க ஒரு குவாரிக் கம்பெனி விண்ணப்பித்திருந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்து மனு கொடுத்திருந்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

"புதுசா பல்லி கண்டுபிடிச்சிட்டீங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குது மேடம்," என்றார். "அது எங்க மலையிலயும் இருக்குது. டெய்லி பாத்துக்கினுதான் இருக்கேன். இருக்குதுன்னு உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும். பல்லி இருக்கிற மலைய ஒடைக்க உடமாட்டாங்களாம், வக்கீல் சொன்னாரு."

"கண்டிப்பாச் சொல்றோம்," என்றார் இயக்குநர். நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரே கல்லில் புது இனமும் சுற்றுச்சூழல் விருதும் விழுகிற காட்சி அவர் கண்ணில் ஓடியது.

நான் குறுக்கே புகுந்தேன். "அந்தக் குன்றுல போய்ப் பாத்துட்டுச் சொல்லலாம் சார்."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? நூறு சதவீதம்னு உங்க மாடல்தானே சொல்லுச்சு?"

"நடுவுல பிடிக்கலையே சார்."

"கையில நூறு இருக்கும்போது எதுக்கு நீங்களே போய் அதை எண்பதாக்கறீங்க?"

இந்தக் கேள்வியை நான் பிறகு பலரிடமிருந்து பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். உங்களையும் ஒரு நாள் கேட்பார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் உங்கள் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவராக இருப்பார்.

இயக்குநர் எங்கள் பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார். மலர்விழியும் நானும் ஆந்தைக்குன்றுக்குப் போனோம்.

அப்பாண்டைராஜன் எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். குன்று என்று பேர்தான் பெரியது. யானைகள் நெருக்கியடித்துப் படுத்த மாதிரி பாறைகள், இடுக்குகளில் கள்ளி, அடிவாரத்தில் மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். மலர்விழி பாறை விளிம்பில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஊர்ந்து போய் முதல் பல்லியைப் பிடித்தாள். கத்தரியை எடுத்ததும் அப்பாண்டைராஜன் பதறிப்போனார்.

"இன்னா பண்றீங்க? வால வெட்டுவீங்களா?"

"நுனி மட்டும் சார். அதுவே பயந்தா வாலை கழட்டிட்டு ஓடிடும். ஒண்ணும் ஆகாது."

"அதுவா கழட்டுனா அது இஷ்டம்மா. நாம வெட்டக் கூடாதில்ல."

ஓர் உயிருக்கும் தீங்கு செய்யாத குடும்பத்தில் பிறந்த மனிதர். பல்லியைக் காப்பாற்ற வந்த இடத்தில் பல்லியின் வாலை வெட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் மலை போய்விடும். திரும்பி நின்றுகொண்டு, கைகூப்பி ஏதோ முணுமுணுத்தார். மலர்விழி ஒவ்வொன்றாக முடித்து விட்டுவிட்டு, "ஆச்சு சார், திரும்புங்க" என்று சொல்லும் வரைக்கும் அப்படியே நின்றார். நான் பார்த்த ஆராய்ச்சிப் பயணங்களில் பல்லிகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

நான் வல்லத்துக்காரி என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. "அட, நம்ம ஊருப் பொண்ணா நீங்க!" என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மேடம் போய் அம்மா வந்தது. அது எவ்வளவு பெரிய நெருக்கடி என்பது சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஏனென்றால் கணக்கு வேறு பதில் சொன்னது.

ஆந்தைக்குன்றின் பல்லிகளில் சிலவற்றுக்குத் தாய்வழி மரபணு கோட்டைப் பக்கத்தினுடையது, சிலவற்றுக்குச் சீயமங்கலத்தினுடையது. இரண்டும் ஒரே பாறையில், ஒரே இடுக்கில். மற்ற மரபணுக்களின் மரங்களோ ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. பெண் பல்லிகள் பிறந்த பாறையை விட்டு அதிகம் நகர்வதில்லை போலிருக்கிறது. ஆண்கள்தான் அலைகின்றன. அதனால்தான் தாய்வழி மரபணுவில் மட்டும் அவ்வளவு பெரிய பிளவு. கூட்டங்களுக்குள் கலப்பு நடக்கலாம் என்று மாதிரியைத் திருத்தி, குன்றின் பல்லிகளையும் சேர்த்துக் கேட்டபோது, நூறு சதவீதம் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்துபோனது. இரண்டு இனம் இல்லை. கோட்டையிலிருந்து சீயமங்கலம் வரைக்கும் ஒரே இனம். அதுவும் ஏற்கெனவே பெயர் வைத்த பழைய பல்லி.

மலர்விழி என் அறையில் உட்கார்ந்து அந்த மரங்களைப் பார்த்தாள். புது இனம் என்பது அவளுடைய ஆய்வேட்டின் முதல் அத்தியாயம். அடுத்த அத்தியாயங்கள் அதன் மேல்தான் நின்றன.

"மேடம், இதை விட்டுட்டா என்ன?" என்றாள். "குன்றுல போய்ப் பாத்தது நமக்கும் சாருக்கும் அப்பாண்டைராஜன் சாருக்கும் மட்டும்தானே தெரியும்."

"விட்டுடலாம்," என்றேன். "நீயே சொல்லு. விட்டுடலாமா?"

அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "விடக்கூடாதுன்னு தெரியுது மேடம். ஆனா அதைத் தெரிஞ்சிக்க எனக்கு எதுக்கு நாலு வருஷம் ஆகணும்?"

இந்தக் கேள்விக்கு மாதிரி யாரும் எழுதவில்லை.

இயக்குநர் கேட்டுவிட்டு, ஆச்சரியமாக, கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். அதுதான் ஆபத்து. "பொய் சொல்லச் சொல்லலை நான். கூட்டத்துக்குப் போகாதீங்க, அவ்வளவுதான். பேப்பர்ல வந்தது வந்தபடி இருக்கட்டும். நல்ல காரியத்துக்குத்தானே உதவுது? நிதானமா அப்புறம் திருத்திக்கலாம்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பொய் சொல் என்று யாராவது நேராகச் சொன்னால் மறுப்பது சுலபம். வில்லனை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். நம் தொழிலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சும்மா இரு என்பார்கள். நல்ல காரியம் என்பார்கள். உண்மையிலேயே நல்ல காரியமாகவும் இருக்கும். ஆந்தைக்குன்று உடையக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் ஊர்க்காரர்களின் மனுவில் முதல் காரணமாக எங்கள் பல்லிதான் இருந்தது. நாங்கள் சும்மா இருந்தால், அந்த மனிதர்கள் எங்கள் பொய்யைத் தங்கள் தலையில் சுமந்துகொண்டு அதிகாரி முன்னால் போய் நிற்பார்கள். விழுந்தால் அவர்கள்தான் விழுவார்கள். நமக்கு இங்கே குளிர்சாதனம்.

ஆகவே கூட்டத்துக்கு முன்பே போய் அப்பாண்டைராஜனிடம் சொன்னேன். செஞ்சியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தார். முழுவதும் கேட்டார்.

"அப்ப அது புது பல்லி இல்ல."

"இல்லைங்க."

"நீங்க போட்ட கணக்குதான முதல்ல புதுசுன்னுச்சி?"

"முதல்ல கேட்ட கேள்வி தப்பு. நடுவுல இருக்கறதைக் காட்டாம கேட்டோம்."

"நான்தான் கூட்டினு போய்க் காட்டுனேன்." பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்தார். "காட்டாம இருந்திருந்தா?"

"மனுவுல பல்லியைத் தூக்கிடுங்க. வாய்க்கால முதல்ல வைங்க. ஏரிக்குத் தண்ணி அந்தக் குன்றுல இருந்துதான வருது? கெணறு, வெடி வெச்சா விழற விரிசல், பயிர் மேல படியற தூசி, அதையெல்லாம் சொல்லுங்க."

"இன்னாம்மா பேசறீங்க? வாய்க்கால எவன் கேக்கறான்? அத நாங்க எத்தினி வருஷமா சொல்றோம். பல்லின்னு சொன்ன அப்புறம்தான பேப்பர்ல வந்துது!" மூட்டை மேல் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "ஒண்ணு பண்ணுங்க. நீங்க வராதீங்க. நம்ம ஊருப் பொண்ணு, கேக்கறேன். வராம இருந்துடுங்க."

இயக்குநர் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இவர் கேட்டபோது வலித்தது.

கூட்டம் செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமகன் மணமகள் பெயர்ப்பலகை மாட்டும் இடத்தில் குவாரியின் வரைபடம் தொங்கியது. இயக்குநருக்கு அன்று காலை காய்ச்சல் வந்துவிட்டது. அவருடைய காய்ச்சல்கள் எப்போதும் நேரம் தவறுவதில்லை. நானும் மலர்விழியும் போனோம். அப்பாண்டைராஜன் மனுவைத் திருத்திக் கொண்டுவந்திருந்தார். வாய்க்கால் முதலில் வந்திருந்தது. பல்லியை எடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. கடைசி வரியில் இருந்தது.

கம்பெனி வக்கீல் நேராகக் கடைசி வரிக்குப் போனார். மற்ற எதற்கும் அவருக்கு அவசரமில்லை. என்னைப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டார்.

"அம்மா, சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க. அந்தக் குன்றுல இருக்கறது புது இனமா, இல்லையா?"

இதற்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லலாம். இனம் என்பதற்கான வரையறையே விவாதத்துக்குரியது என்று தொடங்கி மதியச் சாப்பாடு வரைக்கும் இழுக்கலாம். நம் துறையில் அதற்கென்றே விருதுகள் இருக்கின்றன. மண்டபத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மலர்விழி தரையைப் பார்த்தாள்.

"இல்லை," என்றேன்.

பின் வரிசைகளில் கூச்சல் கிளம்பியது. "எவ்ளோ குடுத்தாங்க?" என்று ஒருவர் கத்தினார். வக்கீல் இரண்டு கைகளையும் கூப்பி, இப்படியொரு நேர்மையான விஞ்ஞானியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு. அதை எங்கே மாட்டிவைப்பது என்று இன்று வரைக்கும் தெரியவில்லை.

தலைமை தாங்கிய அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கூச்சல் அடங்கியதும், "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மலர்விழி எழுந்தாள். அவள் எழுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மேடம், கோட்டையில இருக்கற பல்லியும் சீயமங்கலத்துப் பல்லியும் ஒண்ணுதான்னு நாங்க எப்படிச் சொல்றோம்னா, ரெண்டும் அந்தக் குன்றுல கலக்குதுங்க. நாங்க பாத்த வரைக்கும் கலக்கற எடம் அது ஒண்ணுதான். அந்தக் குன்ற எடுத்துட்டா ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆயிடும். அப்புறம் ஆயிரக்கணக்கான தலைமுறை தாண்டி, உயிரோட இருந்தா, நிஜமாவே ரெண்டு இனம் ஆனாலும் ஆகலாம். அப்ப எங்க பேப்பர் செய்தி கரெக்டா இருக்கும்."

அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். அப்பாண்டைராஜன் எழுந்து வாய்க்காலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பல்லி போய்விட்ட கோபமெல்லாம் சேர்ந்து அன்று அவர் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மழைத் தண்ணீர் எந்தப் பாறையில் விழுந்து எந்தச் சரிவில் இறங்கி எந்த மதகுக்கு வருகிறது என்பதைக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பினால், எனக்கு இந்தத் துறையைக் கற்றுக்கொடுத்த பேராசிரியர். ஓய்வு பெற்ற பிறகு ஆலோசகர் ஆகியிருந்தார். கம்பெனிக்கு.

"என் நாளையே கெடுத்துட்ட," என்றார்.

"என்ன சார் ஆச்சு?"

"நான் போன மாசமே அந்தக் குன்றுல பல்லி பிடிச்சு எல்லாக் கணக்கையும் போட்டு வெச்சிருந்தேன். நீ ஆமான்னு சொல்லுவ, நான் எழுந்து உன்னைக் கிழிக்கணும். பல்லி பொய்யின்னா வாய்க்கால் மட்டும் எப்படி நிஜம்னு வக்கீல் அங்கேருந்து பிடிச்சுக்குவாரு. அதான் திட்டம். நீ பாட்டுக்கு இல்லைன்னுட்டு உக்காந்துட்ட." கொஞ்சம் தள்ளி நின்ற மலர்விழியைப் பார்த்தார். "யாரு அந்தப் பொண்ணு? நல்லாப் பேசினா."

பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எல்லாம் சொல்லித் தந்தவர். மரங்கள் முரண்பட்டால் பயப்படாதே என்று சொன்னவர். "வரேன், கார் நிக்குது" என்று போய்விட்டார்.

பிறகு வந்த உத்தரவில் ஆந்தைக்குன்றுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. காரணம், ஏரிக்கு நீர் வரும் வழி. பல்லியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: அந்த வாதத்தைப் பரிசீலிக்கத் தேவை எழவில்லை. இயக்குநருக்குக் காய்ச்சல் உடனே சரியாகிவிட்டது. "செஞ்சிப் பல்லிகள் ஒரே இனமே: நம் விஞ்ஞானிகள் சாதனை" என்று செய்திக்குறிப்பு அனுப்பினார். அதிலும் படம் இருந்தது.

மலர்விழி முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கலக்கும் இடத்தைப் பற்றியே புதிதாக எழுதினாள். கூடுதலாக ஆன காலத்துக்கு உதவித்தொகை கிடையாது. வீட்டில் கல்யாணப் பேச்சு, டென்ஷன், எல்லாம் இருந்தது. எழுதி முடித்தாள். உண்மை பேசியதால் அவளுக்கு நல்லது நடந்தது என்று நான் எழுதினால் உங்களுக்கு ஊக்கமாக இருக்கும். நடந்தது, தாமதமாக நடந்தது, வேறு யாருக்கோ முதலில் நடந்தது.

அப்பாண்டைராஜன் என்னோடு பேசவில்லை. உத்தரவு வந்த பிறகும் பேசவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். அவரிடம் எனக்கு வருத்தம் இல்லை. வராதே என்று கேட்டவர் முன்னால் போய் நின்றவள் நான். அடுத்த அறுவடைக்கு மலர்விழிக்கு மட்டும் ஒரு பை மல்லாட்டை அனுப்பினார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல கதை. ஆனால் கல் உடைக்கிறவர்களுக்குக் கல் வேண்டும். ஆந்தைக்குன்று கிடைக்காததால் கம்பெனி வேறோர் இடம் தேடியது. வல்லத்துக்கு அப்பால், பெயர்கூட இல்லாத ஒரு பாறை. அங்கே ஏரி வாய்க்கால் இல்லை. பக்கத்தில் கிணறு இல்லை. யாரும் மனு கொடுக்கவில்லை. நாங்களும் அங்கே போய் ஒரு பல்லிகூடப் பிடித்ததில்லை. எங்கள் மாதிரியில் அந்த இடம் வெறும் வெள்ளைத் தாள்.

போன மாசி மாதம் மலர்விழி செஞ்சிக்கு வந்தபோது, "அந்தப் பாறையைப் போய்ப் பாக்கலாம் மேடம்" என்றாள். ஆட்டோ பிடித்துப் போனோம். பாறை இருந்த இடத்தில் ஒரு பள்ளம், பள்ளம் நிறையப் பச்சைத் தண்ணீர். விளிம்பில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். மலர்விழி அவளிடம் போய்க் கேட்டாள்.

"யக்கா, இங்க பாறை இருந்தப்ப அதுல பல்லி இருந்துதா?"

"இருந்துச்சே. நெறைய இருந்துச்சி."

மலர்விழி பையிலிருந்து அவசரமாகப் பேனாவை எடுத்தாள். "எப்டி இருந்துச்சிக்கா? கலரு, கோடு, புள்ளி, ஏதாவது ஞாபகம் இருக்குதா?"

அந்தப் பெண் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். எங்களுக்கு உதவ வேண்டும் என்று அவளுக்கு ஆசைதான்.

"பல்லி மாதிரி இருந்துச்சிம்மா," என்றாள்.